ஏழடிப் பள்ளமும் என் ஒப்பும்

கட்டுமான வேலையில் பாதுகாப்பு அதிகாரி என்பவர், விபத்து நடக்கும்வரை யார் கண்ணிலும் படாமல், நடந்த மறு நிமிடம் ஊரே தேடுகிற ஆள். என்னைப்போல் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மஸ்கட்டில் பத்து வருடம் அந்த வேலையில் இருந்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பியபோது, பக்கத்து நகராட்சி ஒன்றில் புது விதி வந்திருந்தது. பாதுகாப்புச் சான்றிதழ் உள்ள ஒருவரைக் காட்டாத காண்டிராக்டருக்கு டெண்டர் கிடையாது. அந்த ஆள் வாராவாரம் போட்டோவோடு, சைட் பத்திரமாக இருக்கிறது என்று ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டும். காண்டிராக்டர் தங்கராஜ் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். வேலை, ஏழடி ஆழத்தில் கழிவுநீர்க் குழாய் பதிப்பது. மண் சரிந்தால் உள்ளே நிற்கிற ஆள் போய்விடுவான், பின்னாலேயே நான் ஜெயிலுக்குப் போவேன்.

மஞ்சள் ஹெல்மெட்

முதல் நாள் சைட்டில் வேலை செய்த பதினொரு பேரும் மஞ்சள் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். மனசு குளிர்ந்துவிட்டது. அண்ணாச்சியின் அடுத்த சைட் இரண்டு தெரு தள்ளி. ஒரு டீ குடித்துவிட்டு அங்கே போனால், அங்கும் பதினொரு மஞ்சள் ஹெல்மெட். ஒன்றை வாங்கிப் பார்த்தேன். உள்ளே வேறு யாருடைய வியர்வையோ ஈரமாக இருந்தது. முதல் சைட்டுக்குத் திரும்பி ஓடினேன், அத்தனை பேரும் வெறுந்தலையோடு குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரி கிறிஸ்துதாஸிடம் கேட்டேன். அவர் சங்கடமே படவில்லை. "போட்டோ எடுத்தாச்சுல்லா சார், இனி எதுக்கு தலைக்கு பாரம்?"

ஏணி

பள்ளத்தின் இரண்டு பக்கமும் பலகை வைத்துக் குறுக்கே முட்டுக் கொடுத்தால்தான் மண் நிற்கும். ஒரு புதன்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். பலகையும் இல்லை, முட்டும் இல்லை. மண்சுவர் கீறல் விட்டிருந்தது. அடியில் கிறிஸ்துதாஸ் குந்தியிருந்து குழாய்க்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்ற ஓரத்திலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து அவர் முதுகில் விழுந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உடனே மேலே ஏறி வரச் சொல்லிக் கத்தினேன். "ஏறணும்னா ஏணி வேணும்லா சார், ஏணியும் பலகையும் மத்த சைட்டுக்கு போட்டோவுக்கு போயிருக்கு."

மட்டிப்பழம்

அந்த வாரம் ஒப்புப் போட மாட்டேன் என்றேன். மறுநாள் காலை அண்ணாச்சி மட்டி வாழைப்பழக் குலையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அதட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ என் மகளின் படிப்பை விசாரித்தார், மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தார், சனிக்கிழமைக்குள் பலகை வைத்துவிடுவதாகச் சொன்னார். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். என் சான்றிதழைக் காட்டித்தான் டெண்டரே எடுத்திருந்தார். நான் பின்வாங்கினால் என் பெயரும் சேர்ந்து கெடும் என்று பயந்துதான் ஒப்புப் போட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவர் என் தோளைத் தட்டினார். "பயப்படாதேயும், விழுந்தா நாம ரெண்டு பேரும் சேந்துதான் விழுவோம்."

மழை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மழை பிடித்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் கிறிஸ்துதாஸின் முதுகுதான் கண்ணில் நின்றது. போய்ப் பார்த்தால் பள்ளத்தையே காணோம். மண் மூடி, ஒரு மண்வெட்டிப் பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தேன். யார் பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். எண்ணினேன், பதினொரு பேரில் பத்து. மறுபடி எண்ணினேன், பத்துதான். கடைசியாகக் கிறிஸ்துதாஸ் வந்தார், கையில் பாதி கடித்த பழம்பொரி பஜ்ஜியோடு. காப்பி குடிக்கிற நேரமாக இருந்ததால் பிழைத்தார்கள், என் ஒப்பால் அல்ல. அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து அண்ணாச்சி குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஆளு ஒண்ணும் சாவல்லியே, அப்போ சைட்டு பத்திரம்தானே, அடுத்த வாரத்துக்கும் ஒரு ஒப்பு போட்டுத் தாரும்."

அந்த ஒப்பை நான் போடவில்லை, சாயங்காலத்துக்குள் வேறொரு சான்றிதழ்காரர் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன், ஆக மாறியது எதுவுமில்லை, போனது என் வேலை மட்டும்தான்.