செலின் விட்டுப்போன மீதிப் பிழை

செவ்வாய்க்கிழமை காலை, முதல் வகுப்புக்குக் கிளம்பும்போது, துறை அலுவலகத் தொலைபேசியில் செலினின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க. சாயங்காலம் லால்குடியில அடக்கம். வந்துருங்க" என்றார். சரி என்று வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பாதிப் பலகை எழுதிய பிறகுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது. மஞ்சள் காமாலை என்று படுத்தவள் எழுந்துவிடுவாள் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

கல்லூரி மலரில் இதைப் படிக்கும் உங்களில் பலர் அவளிடம் மின்னணுவியல் படித்தவர்கள். முதலில் 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருந்தது. ஒரே ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த செலினை, மன்னியுங்கள், 'அவள்' என்றுதான் எழுத வருகிறது.

எங்கள் ஆராய்ச்சி இதுதான். கப்பலுக்கும் விமானத்துக்கும் வழிகாட்டும் செயற்கைக்கோள் அனுப்பும் அலை நம்மிடம் வந்துசேர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தால், அது இருக்கும் தொலைவு தெரிந்துவிடும். அந்த அலையில் ஒரு குறியீடு உண்டு. எங்கள் கருவியும் அதே குறியீட்டை உண்டாக்கி, இரண்டும் பொருந்தும்வரை நகர்த்தும். பொருந்தும் இடத்தில் நேரம் கிடைக்கும். ஸ்ரீரங்கத்தில், ராஜகோபுரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆன்டெனாவை வைத்தோம். அப்போது அது மொட்டைக் கோபுரம்தான். மேலே கட்டும் வேலை தொடங்கியிருந்தது.

முதல் ஆண்டு, அளந்த தொலைவும், செயற்கைக்கோளின் பாதையைக் கொண்டு கணக்கிட்ட தொலைவும் அழகாக ஒத்துப்போயின. துறைத்தலைவர் இனிப்பு வரவழைத்தார். செலின் தொடவில்லை. "இவ்ளோ நல்லா வர்றதுக்கு நாம என்ன செஞ்சோம் வசு? எனக்குத் தெரியல. காரணம் தெரியாம நல்லா வந்தா அதை எப்படி நம்பறது" என்றாள். ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

கோபுரம் நிலை நிலையாக எழுந்தது. எங்கள் அளவுகள் கெட ஆரம்பித்தன. எப்போதும் இல்லை, செயற்கைக்கோள் தெற்கு வானத்தில் வரும்போது மட்டும். கருவியின் கடிகாரம் பிசகுகிறது என்றேன் நான். செலின் சாரத்துக்குள் நின்ற கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிக்கு வந்த என் மாமனாரிடம், "தெக்கேருந்து வர்ற அலை நேராவும் வருது சார், வடக்கே கோபுரத்துல பட்டுத் திரும்பிக் கொஞ்சம் லேட்டாவும் வருது. ரெண்டும் கலந்து கருவியை ஏமாத்துது" என்றாள்.

மாமனார் தினமும் அந்தக் கட்டுமானத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர். "எத்தனை தலைமுறையா மொட்டையா நின்னது. இப்பதான் வளர்றது. அதுமேல பழி போடறியேம்மா" என்றார்.

"கோபுரம் அது பாட்டுக்கு நிக்குது சார். எங்க கருவிக்குத்தான் பிரிச்சுப் பாக்கத் தெரியல."

அவர் சிரித்துவிட்டு, மேலே காபி அனுப்பினார்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளக் கருவியையும் ஆன்டெனாவையும் பாசஞ்சரில் ஏற்றி லால்குடிக்குக் கொண்டுபோனோம். அறுவடை முடிந்து வெறிச்சோடிக் கிடந்த அவள் அப்பாவின் வயலில், சுற்றிலும் ஓர் உயரமும் இல்லாத இடத்தில் வைத்து அளந்தோம். பிழை போய்விட்டது.

சண்டை வந்தது, திரும்பிவந்து கருவியை வீட்டில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும்போதுதான், ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில். என் வேலை அந்தத் திட்டத்தின் நிதியில் ஓடிய தற்காலிக வேலை. மதிப்பீட்டுக் குழுவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய நேரம். "லால்குடி அளவை மட்டும் அனுப்புவோம். கோபுர விஷயத்தை அடுத்த வருஷம் சரிபண்ணிக்கலாம்" என்றேன்.

"கப்பல் துறைமுகத்துக்குள்ள நுழையறப்ப சுத்தியும் கட்டடம் இருக்கும் வசு. வெட்டவெளி வயல்ல யாரு வழி தெரியாம நிக்கப் போறா?"

"என் வேலை?"

அவள் பாதி வழியில், சத்திரம் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். இரண்டு இடத்து அளவுகளும் அறிக்கையில் போயின. குழு நிதியை நிறுத்திவைத்தது. ஏறக்குறைய ஓர் ஆண்டு நான் வேலையின்றி வீட்டில் இருந்தேன். என் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவளும் ஒருநாளும் வருத்தம் தெரிவித்தவளில்லை.

ஆனால் வாரம் தவறாமல் வந்தாள். கதவைத் திறந்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். மாடிப்படி ஏறும்போதே அன்றைய வேலையை என் முதுகிடம் சொல்லிக்கொண்டு போவாள். குறியீடு பொருந்தும் இடத்துக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கருவி இரண்டு அளவுகள் எடுத்து, அவை சமமாகும் இடத்தைத் தேடும். அந்த இரண்டையும் மிக நெருக்கமாகக் கொண்டுவந்துவிட்டால், தாமதமாக வரும் அலையால் அதிகம் இழுக்க முடியாது என்பது அவள் எண்ணம். அதற்காகக் கருவியில் அலையை வாங்கும் முன்பகுதி மின்சுற்று முழுவதையும் பிரித்துக் கட்டினாள். கட்டியது பிடிக்காமல் மறுபடியும் பிரித்தாள்.

ஒருநாள் பகலில் மேலேயிருந்து, "வசு, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டாள். போனேன். கோபுரம் முழு உயரத்தில் எதிரே நின்றது. செயற்கைக்கோள் தெற்கில் இருந்தது. "எவ்வளவு?" என்று கேட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. பிழையில் பெரும்பகுதி போயிருந்தது. அந்த அளவுகளைக் காட்டித்தான் திட்டமும் என் வேலையும் திரும்ப வந்தன.

கொஞ்சம் பிழை மட்டும் மிஞ்சியது. அது கடிகாரம் என்றேன் நான். இல்லவே இல்லை என்றாள் அவள். கடைசிவரை அதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

சென்ற மாதம் மருத்துவமனையில் பார்த்தபோது அவள் கண்கள் மஞ்சளாக இருந்தன. தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுக்கச் சொன்னாள். "க்ளாக்கை மாத்திப் பாத்தியா?" என்றாள்.

"முதல்ல நீ எழுந்து வா. சேர்ந்து பாப்போம்."

"அப்ப பாக்கல." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "அதுவா இருந்தா ஒத்துக்கறேன். இல்லன்னா நீ ஒத்துக்கணும்" என்றாள்.

அடக்கம் முடிந்த வாரக் கடைசியில், வேறொரு துறையிலிருந்து நல்ல கடிகாரம் ஒன்றை இரவல் வாங்கிவந்து கருவியில் இணைத்தேன். செயற்கைக்கோள் எழுந்து, தெற்கு வானத்தைக் கடந்து, மறையும்வரை அளந்தேன். மிச்சப் பிழை அப்படியே இருக்கிறது.

கடிகாரம் இல்லை, செலின். ஒத்துக்கொள்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இதுதான். அடுத்து எதை மாற்றிப் பார்ப்பது என்று யாரைக் கேட்பேன்?