பூட்டிய அறையோடு விற்ற வீடு

என் மனைவி ஆவணி மாதத் தொடக்கத்தில், கடலூர் வீட்டின் பின்னறையில் இறந்தாள். நட்சத்திரம் பார்த்த ஐயர், உத்திரம் என்பதால் மூன்று மாதம் அடைப்பு என்று சொன்னார். உயிர் போன அறையைப் பூட்டிவிட வேண்டும். தினமும் அந்தியில் அதன் வாசற்படியில் விளக்கு ஏற்ற வேண்டும். கெடு முடிந்து, சாந்தி செய்த பிறகுதான் திறக்கலாம். அவளுடைய தம்பி புதுப்பூட்டு வாங்கி வந்து தானே பூட்டி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் புவனகிரிக்குப் போனான்.

மறுநாள் காலையில்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். பூட்டிய அறைக்குள் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு தட்டல். கடைசி நாட்களில் அவளுக்குக் காற்று போதாமல் இரவும் பகலும் அதை ஓடவிட்டிருந்தோம். அவளை வெளியே எடுத்தபோது யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது எரிவாயுக் குமிழைத் திரும்பிப்போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிற எனக்கும்தான். சுவிட்ச் உள்ளே இருந்தது. ஜன்னலும் உள்பக்கம் தாழிட்டிருந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தால் வெளியிலிருந்தே கம்பியைத் துண்டித்திருப்பார். நான் கூப்பிடவில்லை.

மகள் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கருமாதி முடிந்த வாரமே பேச்சை எடுத்தாள்.

"போன மழைக்கு அம்மா இருந்தாங்க. இந்த மழைக்கு நீங்க அங்க தனியா இருக்கக் கூடாதுப்பா. எங்க தெருவுலயே ஒரு சின்ன வீடு வருது. தீபாவளி வரைக்கும் வெயிட் பண்றேன்னாரு ஓனர். அந்த வீட்ட வித்துட்டு வாங்க."

சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொன்னேன். பிறகு உட்கார்ந்து யோசித்தபோது சிக்கல் புரிந்தது. எங்கள் தெரு பள்ளம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வீடு பார்க்க ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். அதற்குள் விற்றாக வேண்டும். அறையைத் திறக்கும் கெடுவோ கார்த்திகையில் முடிகிறது.

தரகர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வாசல் முருங்கையை வெட்டச் சொன்னார். காலண்டர்களைக் கழற்றச் சொன்னார். கூடத்தில் மாலையோடு இருந்த அவள் படத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். இத மட்டும் உள்ள எடுத்து வெச்சிடுங்க. வீடு பாக்க வரவங்க மொகத்துல முழிக்கிற மாதிரி இருக்குது."

எடுத்து பீரோவில் வைத்தேன். பின்னறைப் பூட்டின் முன்னால் நின்று காதைச் சாய்த்தார். "இன்னா சார், உள்ள ஃபேனு ஓடுது?"

சொன்னேன்.

"பூட்டுன ரூம வெச்சிக்கினு வீட்ட விக்க முடியாது சார். ஒரு நாள் தெறந்து காட்டிட்டுப் பூட்டிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

மச்சானிடம் தொலைபேசியில் கேட்டேன். அவன் குரல் உயர்ந்துவிட்டது. "மாமா, எங்கம்மா போனப்ப அடைப்ப பாதியில தெறக்கலாம்னு எங்க சித்தப்பா சொன்னாரு. அவரோட ரெண்டு வருசம் பேசாம இருந்தவ எங்க அக்கா. அவ ரூமயே தெறக்கறேங்கிறீங்களா?"

திறப்பதில்லை என்று முடிவாயிற்று.

மற்ற வேலைகளை ஒன்றுவிடாமல் முடித்தேன். முருங்கை போனது. சுவர்களுக்கு வெள்ளை, கதவுகளுக்கு பெயின்ட். மேல்தொட்டியைக் கழுவிவிட்டேன். குளியலறையில் விரிசல் விட்ட தரை ஓடுகளை மாற்றினேன். பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் ஒரே உறையில். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு சுவிட்ச் பெட்டிகளை எல்லாம் மார்பு உயரத்துக்கு ஏற்றியிருந்தேன். அதை மட்டும் மறைக்க முடியாது என்றார் தரகர். வேலைகள் நடந்தன. களைப்புகூடத் தெரியவில்லை. அந்தியானால் விளக்கு ஏற்றினேன், உள்ளே அந்தத் தட்டல் கேட்டது, எழுந்து போய்ச் சோறு வடித்தேன்.

புரட்டாசி என்பதால் நம் ஆட்கள் யாரும் வீடு பார்க்க வரவில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம் வருவதாகத் தரகர் சொன்னார். கணவர் சவூதியில் வேலை. பிள்ளைகளின் படிப்புக்காகக் கடலூரில் வீடு தேடினார்கள். தரகரின் ஏற்பாடு இதுதான்: பின்னறை சாமான் அறை, சாவி சிதம்பரத்தில் மகளிடம் இருக்கிறது, அவர்கள் இருக்கும்வரை மெயின் சுவிட்சை அணைத்து வைத்துவிட்டு மின்வெட்டு என்று சொல்லிவிடுவது. இதற்கும் சரி என்றேன்.

அந்த அம்மாள் தனியாக, கையில் செல்போனோடு வந்தார். வீடியோவில் கணவர். சமையலறை, மாடிப்படி, கிணறு என்று ஒவ்வொன்றாகப் படம் காட்டிக்கொண்டே நடந்தார். பின்னறைப் பக்கம் வந்தபோது தரகர் முந்திக்கொண்டு சாமான் அறைக் கதையைச் சொல்லி முடித்தார்.

போனிலிருந்து குரல் வந்தது. "மோட்டார போடச் சொல்லு. தண்ணி எப்படி ஏறுதுன்னு பாக்கணும்."

"கரண்டு இல்லியே பாய்," என்றார் தரகர்.

"எதிர் வீட்ல டிவி பாடுதே," என்றார் அந்த அம்மாள்.

தரகர் என்னைப் பார்த்தார். நான் போய் மெயினைப் போட்டேன். கூடத்து விளக்கு எரிந்தது. மோட்டார் இரைந்தது. பூட்டிய அறைக்குள் மெதுவாக ஆரம்பித்து, பிறகு சீராக, டக், டக், டக்.

அந்த அம்மாள் கதவருகே போய்க் கேட்டார். "உள்ள ஃபேன் ஓடுது. சாமானுக்கா வேர்க்குது?"

"காத்தோட்டத்துக்குமா..."

"நீங்க சும்மா இருங்க. சார், யாரையாச்சும் உள்ள வெச்சிப் பூட்டியிருக்கீங்களா?"

"என் மனைவி இந்த ரூம்லதான் இறந்தாங்க," என்றேன். "மூணு மாசம் பூட்டி வெச்சி, தெனமும் அந்தியில படியில விளக்கு ஏத்தணும். ஃபேன நிறுத்தாம பூட்டிட்டோம்." அவள் போன பிறகு, தரகரைத் தவிர, வெளியாள் ஒருவரிடம் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல இருந்தது.

போனிலிருந்து கணவர் சொன்னார்: "எங்களுக்கு அந்த வழக்கமெல்லாம் இல்ல சார். ஆனா ஒரு ரூமுக்கே பொய் சொன்னா, மழைக்குத் தண்ணி எவ்ளோ வரும்னு எப்படி நம்பறது?"

"வருசா வருசம் ரெண்டாவது படி வரைக்கும். பெரிய வெள்ளத்துல ஜன்னல் வரைக்கும் வந்துச்சு. அதுக்குத்தான் சுவிட்செல்லாம் மேல ஏத்தினேன்."

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சரி, அந்த ரூம தெறங்க. பாத்துட்டு முடிச்சிடலாம்," என்றார் கணவர்.

"தெறந்துடுங்க சார், சாவி உங்க பையிலதான இருக்குது," என்றார் தரகர், சற்று முன்பு தான் சொன்னதை மறந்து.

சாவியை எடுத்தேன். சிதம்பரத்து வீடு, மகள், மழை எல்லாம் நினைவில் வரிசையாக வந்து நின்றன. பூட்டில் சாவியை நுழைக்கவும் செய்தேன். திருப்பவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

"வேணாம், வுடுங்க சார்," என்றார் அந்த அம்மாள். போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஏங்க, எங்க அத்தா மவுத்தானப்ப எங்கம்மா நாலு மாசம் பத்து நாளு இத்தாவுல வெளிய வராம வீட்டோட இருந்தாங்களே, சீக்கிரம் வெளிய வாங்கன்னு யாராவது சொன்னோமா? நாலு சுவருதான, பின்பக்கமா போயி பாத்துக்கறேன்."

பின்பக்கம் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னல் கம்பிகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். விலையில் நன்றாகவே குறைத்தார். மழைக்கு முன்பே குடிவந்துவிட வேண்டும் என்றார். அந்த அறையைக் கெடு முடிந்த பிறகு ஒப்படைத்தால் போதும் என்றார்.

"விளக்கு நீங்களே வந்து ஏத்திக்குங்க. நான் ஏத்த மாட்டேன் சார். அணைக்கவும் மாட்டேன்."

புரட்டாசி முடிவதற்குள் பத்திரம் பதிவானது. சிதம்பரத்தில் மகள் தெருவுக்கே குடிபோனேன். தினமும் மதியத்துக்கு மேல் பஸ் பிடித்துக் கடலூர் வந்து, அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். பிள்ளைகள் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பார்கள். முதல் வாரம் நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு பார்ப்பதில்லை. மழை நாட்களில் முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன். மின்சாரம் போனால் விசிறி நிற்கும். வந்தால் தானே ஓடும்.

மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. "அடுத்தவங்க வூட்டுல போயி எங்க அக்காவுக்கு விளக்கா மாமா?"

"பூட்டு அங்கதானே இருக்கு," என்றேன்.

கார்த்திகை முதல் வாரத்தில் அவனும் நானும் ஐயரும் போனோம். சாந்தி முடிந்ததும் பூட்டைத் திறந்தேன். கட்டிலில் விரிப்பு கலைந்தபடியே இருந்தது. மேசையில் மாத்திரை அட்டை. விசிறிக்கு நேர் கீழே தூசியே இல்லை. மூலைகளில் மட்டும் ஒதுங்கியிருந்தது. மச்சான் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை.

மார்பு உயரத்தில் இருந்த சுவிட்சை அணைத்தேன். விசிறி உடனே நிற்கவில்லை. தட்டல் ஒவ்வொன்றாக விலகி விலகிக் கேட்டது. முழுதும் நின்ற பிறகு வெளியே வந்து, கூடத்தில் நின்றிருந்த அந்த அம்மாளிடம் சாவியைக் கொடுத்தேன்.