பூத்தைத்த கோடை

என் மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் என் கை தானாக அவள் நெற்றிக்குப் போய்விடுகிறது. ஒன்பது வயதில் அவள் டைபாய்டில் கிடந்து பிழைத்ததிலிருந்து இப்படித்தான். வருஷங்கள் ஓடியும் அந்த நடுக்கம் என்னை விடவில்லை.

காய்ச்சல் இறங்காத ஒரு மத்தியானம், திருச்சி ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலோரம் நின்று, பிள்ளை பிழைத்தால் அவள் முடியைக் கொடுப்பதாகச் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டேன். இடுப்பைத் தொடும் முடி. எங்களிடம் அதைவிடப் பெரிதாக வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பூத்தைத்துவிடுகிறவள் நான். வருஷாவருஷம் முதல் சடை என் மகளுக்குத்தான்.

கோடையில் மல்லிகை மலியும்போது, சவுரி வைத்து நீளமாகப் பின்னி, சடைமேல் வாழைப்பட்டையைப் பொருத்தி, அரும்புகளை வரிசை வரிசையாக அதில் தைப்போம். காலையில் இறுக்கமான அரும்பாகத் தைத்தால் சாயங்காலம் தலையிலேயே மலரும். அந்த நேரம் பார்த்துப் பிள்ளையை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய், முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வைத்து, முகமும் சடையும் சேர்ந்து விழும்படி போட்டோ எடுப்பார்கள். யார் வீட்டுப் பெண் பூவோடு வந்தாலும் தைத்துவிடுவேன். முடித்ததும், சடை கலைந்துவிடுமோ என்று கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டிக் கண்ணாடியில் பார்க்கும் பாருங்கள் அந்தப் பிள்ளை! அதற்காகவே தைத்தேன்.

வேண்டுதலை முடித்து மொட்டை போட்ட கோடையில் மகள் வாசல் பக்கமே வரவில்லை. தலையில் எந்நேரமும் ஒரு துண்டு. பள்ளிக்கூடம் திறந்தாலும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். உயிரோடு வந்தாளே என்று நான் சந்தோஷப்படுவதா, இப்படி மூலையில் ஒடுங்குகிறாளே என்று அழுவதா?

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் தன் அம்மாவோடு அரும்புக் கூடையுடன் வந்து நின்றாள்.

"இந்த வருஷம் வேணாங்க. கோவிச்சுக்காதீங்க" என்றேன்.

"ஏன்க்கா, உடம்பு சரியில்லையா?"

நான் குரலைத் தாழ்த்தினேன். "உள்ள புள்ள இருக்கா. அவ கண்ணெதிர்ல எப்படிங்க தைக்கிறது?"

"அடடா, எனக்குத் தோணாம போச்சே" என்று அந்த அம்மாள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா! திருப்பி அனுப்பினா அந்தப் பூவெல்லாம் வீணாத்தான் போகும்."

மகள் துண்டோடு கூடத்துக்கு வந்திருந்தாள். கூடையை வாங்கி வைத்துவிட்டு மணையைப் போட்டாள். "வாடி, உட்காரு. எங்கம்மா எதுக்கெடுத்தாலும் பயப்படும்."

அந்தப் பெண் உட்காரவில்லை. "துண்டை எடு, பாக்கறேன்."

"சும்மா இருடி!" என்று அவள் அம்மா அதட்டினாள். அதற்குள் மகள் துண்டை எடுத்துவிட்டாள். அந்தப் பெண் அவள் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"தேங்கா நார் மாதிரி குத்துதுடி!"

"ஊசி எங்கம்மா கையில இருக்கு. பாத்துப் பேசு."

இரண்டும் சிரித்தன. நாங்கள் இரண்டு தாய்மாரும்தான் சிரிக்க முடியாமல் நின்றோம்.

நூல் ஊசிக்காதில் நுழையவில்லை. மகள் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். அரும்புகளை அளவு பார்த்துப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். பாதியில், "மூணாவது வரிசை கோணல்மா" என்றாள். கோணல்தான். பிரித்து மறுபடி தைத்தேன். எத்தனை தடவை பிரித்துத் தைக்க நேர்ந்தாலும் சரி, இனி எந்தப் பிள்ளையையும் பூவோடு திருப்பி அனுப்புவதில்லை என்று அந்த வரிசையில்தான் முடிவு செய்தேன்.

"போட்டோவுக்கு இவளும் வரணும். இல்லைன்னா நான் போகலை" என்று பூச்சடைக்காரி பிடிவாதம் பிடித்தாள்.

கிளம்பும்போது துண்டை எடுத்து நீட்டினேன். மகள் அதை வாங்கிக் கொடியில் போட்டாள். பஸ்ஸில் எல்லோரும் அவளையே பார்ப்பதுபோல் எனக்கு இருந்தது. கண்டக்டர் தொப்பியைக் கழற்றி வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டே, "என்ன பாப்பா, திருப்பதியா, சமயபுரமா?" என்றார்.

"சமயபுரங்க. நீங்க எந்தக் கோயிலுங்க?"

காவிரிப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் சிரிப்பு அடங்கவில்லை. கண்டக்டரும் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த ஸ்டூடியோவில் கண்ணாடியின் திருகு தளர்ந்து, நிறுத்த நிறுத்தச் சாய்ந்தது. "நான் பிடிச்சுக்கறேன்" என்று மகள் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, கொஞ்சம் ஒதுங்கு. உன் தலையும் படத்துல விழும்" என்றார் போட்டோக்காரர்.

"விழட்டுங்க" என்றாள் பூச்சடைக்காரி.

விழுந்தது. கண்ணாடிக்குள் பூச்சடை, கண்ணாடி ஓரத்தில் என் மகளின் மழித்த தலை, பாதிச் சிரிப்பு. அந்தப் போட்டோவில் ஒரு பிரதி எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

மறுநாள் காலை அவளைக் காணாமல் பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தெருக்கோடியில் நின்று, "அரும்பு வாங்கிட்டு வாங்கடி, எங்கம்மா தைக்கும்!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில் மணையை எடுத்து வைக்கவே நேரமில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அரை அங்குல முடியில் எண்ணெய் தடவிக்கொண்டு அவளே பையை எடுத்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்தும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்பினேன்.