சுகந்தியின் ஆட்டிறைச்சி

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து மூன்று குடும்பங்கள், படுக்கையும் சமையலறையும் உள்ள மூன்று ஆர்வி வண்டிகளில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டோம். வழியில் பேசிக்கொள்ள வண்டிக்கொரு வோக்கிடோக்கி. எங்கள் வண்டியை நான் ஓட்டினேன். பக்கவாதம் வந்து பேச்சுக் குழறும் என் கணவர் பக்கத்தில் இருந்தார்.

“அக்கா, உங்கட ஃபிரிட்ஜ்தான் பெரிசு” என்று அடுத்த வண்டியில் வந்த தோழி சுகந்தி தன் ஆட்டிறைச்சியை அதில் வைத்தாள். அதை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியாது.

மற்ற இரண்டு வண்டிகளும் எல்லையைக் கடந்துவிட்டன. எங்களை மட்டும் ஓரமாக நிறுத்தி, அதிகாரிகள் ஃபிரிட்ஜைத் திறந்து இறைச்சியை வெளியே எடுத்தார்கள். அப்போது வோக்கிடோக்கியில் சுகந்தியின் குரல் கேட்டது. தன் கருவியில் பேசும் பொத்தான் அமுங்கிக் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை.

“அண்ணையின்ர கோலத்தைப் பாத்தா விட்டிடுவினம் எண்டு நினைச்சன். உதுக்குத்தானே அவையைக் கூட்டிக்கொண்டு வந்தது!”

கூடவே அவள் புருஷனின் சிரிப்பு.

என் கணவருக்குப் பேச்சுத்தான் குழறும், காது நன்றாகக் கேட்கும். அங்கிருந்தே வண்டியைத் திருப்பினேன்.

இப்போது பிறர் பொருள் எதையும் என் வண்டியில் ஏற்றுவதில்லை. விருந்தோம்பலை மட்டும் விடவில்லை. போன கிழமை எதுவும் நடக்காததுபோல் சுகந்தி வந்தாள். ஆட்டிறைச்சிக் கறி சமைத்தேன். அவளது சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வோக்கிடோக்கியை வைத்து, “எங்களுக்கு எல்லாம் கேட்டது. சாப்பிடு” என்றேன்.

அவள் கடைசி வாய்ச் சோற்றை விழுங்கும்வரை என் கணவர் அவள்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.