பதினோரு அடிக்கு ஒருமுறை

பூம்பாறையில் அன்னக்கொடியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் ஒரு பாத்தி பூண்டை ஊன்றி முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவரை வாயடைக்க வைக்காமல் மூட மாட்டாள்.

அவள் மகள் சுபஸ்ரீ, தாயின் முதல் திறமையைப் பிறக்கும்போதே கொண்டு வந்துவிட்டாள் என்று ஊர் முடிவு செய்திருந்தது. நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தப் பிள்ளை கொஞ்ச தூரம் நடப்பாள். சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். பிறகு எழுந்து நடப்பாள். மறுபடி உட்காருவாள். காட்டில் பூண்டு ஊன்றும் பெண்கள் எல்லோரும் நாள் முழுக்க அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"பாத்தீகளா, பிறவிப் பூண்டுக்காரி!" என்று மெச்சினார் பொன்னுவேல். அன்னக்கொடியின் கணவன் வேலுச்சாமிக்கு அண்ணன். ஊரில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் கேட்காமலே மருந்து சொல்பவர். மருந்து ஒன்றே ஒன்றுதான் என்பதால் அவருக்கும் சிரமமில்லை, கேட்பவர்களுக்கும் குழப்பமில்லை. பாலில் வேகவைத்த பூண்டு.

பிள்ளையின் உதடு நீலமாக இருந்ததே? அதற்கும் பதில் தயாராக இருந்தது: குளிர். மேல்மலையில் மார்கழியில் எந்தப் பிள்ளையின் உதடுதான் சிவப்பாக இருக்கிறது? ஒரு ஸ்வெட்டர் போட்டார்கள். நீலம் போகவில்லை. இன்னொன்று போட்டார்கள். அதற்கு மேல் குரங்குக் குல்லா. நாலு வயதில் சுபஸ்ரீ லாரியில் ஏற்றக் கட்டிவைத்த முட்டைக்கோஸ் மூட்டை மாதிரி இருந்தாள். அங்கன்வாடியில் அவள் முகத்தை முழுதாகப் பார்த்தவர்களே குறைவு. விரல் நுனிகள் உருண்டு தடித்திருந்தன. "பூண்டு உரிக்கத் தோதான வெரலு" என்று பெரியப்பா அதற்கும் ஒரு நற்சான்று வழங்கினார்.

அன்னக்கொடி மட்டும் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். போன வருஷம் இருபது அடிக்கு ஒருமுறை உட்கார்ந்தவள், இந்த வருஷம் பதினோரு அடிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள்.

சித்திரையில் மொட்டை போடப் பழனிக்கு இறங்கினார்கள். அடிவாரத்தில் வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. முடியிறக்குபவர் குல்லாவைக் கழற்றி, ஸ்வெட்டர் இரண்டையும் உரித்துப் போட்டு, பிள்ளையின் தலையில் தண்ணீர் தெளித்தவர், கத்தியை எடுத்த கையோடு நின்றார்.

"ஏம்மா, பிள்ள நாவப்பழம் தின்னுச்சா? ஒதடு இப்பிடி இருக்கு?"

"ஒண்ணும் திங்கலையேண்ணே."

"அது மலைக்குளிருங்க," என்றான் வேலுச்சாமி, நெற்றி வேர்வையை வழித்துக்கொண்டே. "உள்ளயே தங்கிருக்கும்."

அன்னக்கொடி சுற்றிலும் பார்த்தாள். மண்டபம் நிறையப் பிள்ளைகள். எல்லாம் வெந்து சிவந்து கத்திக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் நீலமாக, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

"ஆமாங்க," என்றாள். "நம்ம குளிரு பஸ் ஏறி, டிக்கெட் எடுத்து, கூடவே வந்துருக்கு. மொட்டைய முடிச்சுட்டு வெரசா அதை மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுவோம். கெளம்புங்க."

மதுரையில் முதலில் பார்த்த டாக்டர், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு ஓர் இருதய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் சண்முகப்பிரியா வராந்தாவில் எதிரே வந்துகொண்டிருந்தார். சரியாக அவர் காலடியில் சுபஸ்ரீ பதினோராவது அடியை முடித்து உட்கார்ந்தாள். டாக்டரும் அங்கேயே நின்றுவிட்டார்.

"எத்தன நாளா இப்படி உட்கார்றா?"

"நடக்க ஆரம்பிச்சதுல இருந்துங்க. பூண்டு ஊனப் பழகுறான்னு சொல்லிக்கிட்டிருந்தோம்..." சொல்லி முடிப்பதற்குள், அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அன்னக்கொடிக்கே உறைத்துவிட்டது.

டாக்டர் சிரிக்கவில்லை. "மூச்சு முட்டும்போது இப்படி உட்கார்ந்தா, நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலா ரத்தம் போகும். யாரும் சொல்லிக்குடுக்காம அவளே கண்டுபிடிச்ச வைத்தியம்மா இது."

ஆக, அந்தக் குடும்பத்தில் இத்தனை நாளும் உருப்படியான வைத்தியம் பார்த்தது நாலு வயதுப் பிள்ளை ஒருத்திதான்.

பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டர் காகிதத்தில் இதயத்தை வரைந்து காட்டினார். கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகல். அந்தப் பாதையின் வாசலில் ஒரு சின்ன வால்வு. ரத்தம் திரும்பி வராமல் மூடிக்கொள்ளும் கதவு. ஓட்டையை அடைக்கலாம், பாதையில் தடித்த சதையைச் செதுக்கலாம். அந்த வாசல்தான் சிக்கல்.

"ரொம்பச் சின்னதா இருக்கு," என்று சுண்டுவிரல் நுனியைக் காட்டினார்.

"அப்ப அகலமா வெட்டி விட்டுருங்கம்மா," என்றான் வேலுச்சாமி, வாழ்நாளெல்லாம் தண்ணீர் பாய்ச்சியவனின் தோரணையில். "அடைப்ப மிச்சம் வைக்காதீங்க."

"போன ஐப்பசியில மேக்காட்டு மடைய இப்பிடித்தான் வெட்டி விட்டீக," என்றாள் அன்னக்கொடி. "தண்ணி அருமையாப் போச்சு. கூடவே மடைக்கல்லு போச்சு, வரப்பு போச்சு, கீழ்ப்பாத்திப் பூண்டும் போச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த மடைய மூட வழியில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கிட்டத்தட்ட அதேதாம்மா. வாசலை வெட்டி ஒட்டுப்போட்டா இப்போதைக்கு ரத்தம் தாராளமா போகும். ஆனா கதவு மூடாது. போன ரத்தம் திரும்பி வரும், வருஷம் போகப் போக இதயம் விரியும். வளர்ந்தப்புறம் புது வால்வு வைக்க மறுபடி திறக்க வேண்டி வரலாம்."

"வெட்டாம விட்டா?"

"கொஞ்சம் இறுக்கம் மிச்சம் இருக்கும். அளவா இருந்தா தாங்கிக்குவா. அதிகமா இருந்தா அதுவும் ஆபத்து. திறந்து, அளந்து பார்த்துத்தான் முடிவு பண்ணணும். முடிஞ்சா கதவைக் காப்பாத்துவேன். இப்பவே வாக்குக் குடுக்க மாட்டேன்."

அன்னக்கொடியின் வாய் அன்று ஒருமுறைதான் தாழ்ந்தது. "கதவ வெச்சுக் குடுங்க டாக்டரம்மா. ஒருக்கா அவ நெஞ்சத் தெறக்கச் சொல்றதுக்கே எனக்கு ஈரக்கொல நடுங்குது. இன்னொருக்கா என்னால ஆகாது."

அறுவை சிகிச்சை ஆறு மணி நேரம். பூம்பாறையிலிருந்து பொன்னுவேலும் தன் பங்குக்கு மணிக்கு ஒருமுறை போன் செய்தார்.

"பூண்டுப்பாலு குடுத்தாச்சா?"

"மாமா, அவ வாய் வழியா கொழா போகுது. நீங்க காய்ச்சி நீங்களே குடிங்க. வெச்சிருங்க."

மூன்றாவது மணிக்கு மேல் அவள் போனை எடுக்கவில்லை. எதிர்ச்சுவரின் ஓடுகளை எண்ணினாள். பதினொன்று வரை எண்ணுவாள், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். அதற்கு மேல் எண்ண அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். "ஓட்டைய அடைச்சாச்சு. வால்வோட இதழ்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. பிரிச்சுவிட்டதும் வாசல் தேவையான அளவுக்குக் கிட்ட வந்திருச்சு. அதனால வெட்டல. கதவு அவளோடதேதான், நல்லா மூடுது. கொஞ்சம் இறுக்கம் இருக்கு. வருஷா வருஷம் வந்து காட்டணும்."

"அந்தக் கொஞ்சத்தையும் லேசா வெட்டி..." என்று ஆரம்பித்தான் வேலுச்சாமி. அன்னக்கொடி திரும்பிப் பார்த்தாள். அவனுடைய வாயும் நன்றாகவே மூடியது.

ஐப்பசி ஊன்றலின்போது மேல்காட்டில் புது மடைக்கல் ஒன்று நின்றது. யார் நட்டது என்று வேலுச்சாமி சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பொன்னுவேல்தான் வரப்பில் நின்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"என்னத்தா இது, பிள்ள உக்காரவே மாட்டேங்குது? நல்லா ஊனுற கை. ஆஸ்பத்திரியில என்னத்தையோ எடுத்துப்புட்டாங்க."

"ஆமா மாமா, நீங்க குடுத்த சான்றிதழத்தான் எடுத்துட்டாங்க," என்றாள் அன்னக்கொடி, பாத்தியை விட்டுக் கண்ணை எடுக்காமல். காது மட்டும் பிள்ளையின் காலடியில் இருந்தது. பதினொன்று. இருபது. அறுபது. ஒற்றை ஸ்வெட்டரில் சுபஸ்ரீ வரப்போடு ஓடிக்கொண்டிருந்தாள். நூறைத் தாண்டியதும் கணக்குத் தப்பியது. நிமிர்ந்து பார்த்தால் பிள்ளை மேட்டில் ஏறி, பஸ் வரும் ரோட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறாள்.

"அடியே, நில்லுடி! எங்கடி ஓடுற? நில்லுடி!"

அந்தப் பிள்ளையைப் பார்த்து அவள் நில் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பாத்தியைப் பாதியில் போட்டுவிட்டு அன்னக்கொடி பின்னாலேயே ஓடினாள். மேட்டில் நாற்பதாவது அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் அவள்தான்.