ரோஸ்லின் அக்காவின் தெற்கு வாசல்

ரோஸ்லின் அக்கா இன்று விடியற்காலையில் போய்விட்டார்.

அழுது முடித்துவிட்டேன். இப்போது அவர் கதையை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்...

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி, டிராயிங் செக்‌ஷன். என் பக்கத்து டேபிள் அக்கா.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய படப் புத்தகம் ஒன்று வைத்திருப்பார். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்து சர்ச், எண்ணூறு வருஷப் பழசு. லஞ்ச் டைமில் என் சோறு ஆறிப்போகும், அக்கா விடமாட்டார்.

"இந்த ஆர்ச் ரவுண்டா இருக்கு பாருடி, இதான் மொதல்ல கட்டினது. பக்கத்துல கூரா இருக்கே, அது பேரன் காலத்துல. காசு வரவர கட்டிக்கிட்டே இருந்திருக்காங்க."

அந்த நேரம் பார்த்து, காட்டுப்பாக்கத்தில் அவர்கள் சபைக்கு சர்ச் கட்ட ஆரம்பித்தார்கள். பிளான் அக்கா. கட்டியது ஏழுமலை மேஸ்திரி.

வாசலில் பிடித்தது சண்டை. வாஸ்துப்படி வாசல் கிழக்கில் வர வேண்டும் என்பது மேஸ்திரி. புத்தகத்தில் இருப்பதுபோல ஆல்டர், அதாவது பலிபீடம்தான் கிழக்கில் என்பது அக்கா. அந்த ஊர் மாதிரியே வாசலைத் தெற்கில் வையுங்கள் என்றார்.

"தெக்கு எமன் தெசம்மா. வடக்குல வெச்சிக்கலாம்."

"அங்க வடக்கு வாசல சாத்தான் வாசல்னு சொல்லுவாங்க மேஸ்திரி."

"இந்தப் பக்கம் எமன், அந்தப் பக்கம் சாத்தான். நான் இன்னாதாம்மா பண்றது?"

தெற்குதான் ஜெயித்தது. வாசலுக்கு முன்னால் கூர் ஆர்ச் வைத்த போர்ச், இரண்டு பக்கமும் சிமெண்ட் பெஞ்ச், எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. கட்டி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் காதல்... எங்கள் செக்‌ஷனே ஆடிப்போனது.

மாப்பிள்ளை ஞானஸ்நானம் எடுக்காமல் சர்ச்சுக்குள் கல்யாணம் கிடையாது என்றார் பாஸ்டர். மேஸ்திரி எடுக்க மாட்டேன் என்றார். அக்காவும் வற்புறுத்தவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பாஸ்டரிடம் போனார், துணைக்கு நான்.

"ஐயா, அந்தக் காலத்துல இங்கிலாந்துலயே கல்யாணம் வாசல்லதான் நடந்திருக்கு. நாங்களும் உள்ள வரல. போர்ச்லயே நிக்கிறோம்."

பாஸ்டர் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணத்தன்று ஜெபப் புத்தகத்தோடு வெளியே வந்தார். நான் தட்டிய தட்டில் கையே சிவந்துவிட்டது.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அக்கா உள்ளே, மேஸ்திரி போர்ச் பெஞ்சில் பேப்பரோடு. தான் கட்டிய சர்ச்சுக்குள் அதற்கப்புறம் அவர் கால் வைத்ததே இல்லை. கோபமோ, ரோஷமோ... அக்காவும் கேட்டதில்லை.

இன்று போன் செய்தது அவர்தான்.

"நாளிக்கு உங்க அக்காவ உள்ள எடுத்துகினு போவாங்க. நானும் கூடப் போலாமா, பாஸ்டராண்ட கேட்டு சொல்றியாம்மா?"

நான் யாரையும் கேட்கவில்லை. போலாம் அண்ணாத்தே என்று சொல்லிவிட்டேன்.

நாளை மூன்று மணிக்கு, காட்டுப்பாக்கத்தில்.

போய் வாங்க அக்கா...