ஆண்டவருக்கு விட்ட பலாமரம்

உபதேசியார் வேலைக்குக் காணிக்கையைப் பற்றிப் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. பேசி முடித்த பிறகு, கேட்டவர் வீட்டிலேயே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடவும் தெரியவேண்டும். கும்பாபிஷேக நன்கொடைக்கு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள், பள்ளிவாசல் கமிட்டியில் இருந்தவர்கள், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வசூலுக்குப் போனவர்கள் எல்லாருக்கும் இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். நீங்களும் பட்டவர்கள் என்ற உரிமையில்தான் சொல்கிறேன்.

எங்கள் வேதக்கோயில் திருவரங்குளத்துக்கும் வல்லத்திராக்கோட்டைக்கும் நடுவே உள்ள சின்ன ஓட்டுக் கட்டடம். ஆயர் மாதத்துக்கு ஒரு ஞாயிறு புதுக்கோட்டையிலிருந்து வருவார். மற்றபடி ஜெபம், பிரசங்கம், நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, மைக் செட் ரிப்பேர் எல்லாமே உபதேசியாரான நான்தான். மாசி மாதம் அறுப்பின் பண்டிகை வரும். அன்று ஜனங்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து அதை ஏலம் விடுவோம். ஏலம் கூறுவதும் நான்தான். ஒரு சுரைக்காய்க்குக்கூட இரண்டு வீட்டுக்காரர்கள் முறைத்துக்கொண்டு ஏற்றிக் கேட்பார்கள். அதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம், கோயிலுக்கும் நல்லது.

வீடு திரும்பிய காணிக்கை

எங்கள் சபையில் மாசிலாமணி அண்ணன் விவசாயி. அவர் மனைவி கிருபை அக்கா ஒரு வருஷம் முட்டையிடுகிற கோழியையே பண்டிகைக்குக் கொடுத்தார். வாத்தியார் வீட்டம்மா அதை ஏலத்தில் எடுத்துப் போனார். மறுநாள் காலையில் கோழி அக்கா வீட்டுக் கூடையில் உட்கார்ந்திருந்தது. அக்கா தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். அடுத்த நாளும் அது வந்தது, முட்டையும் போட்டது. முட்டை யாருக்கு என்று வாத்தியார் வீட்டம்மா என்னிடம் பிராது கொண்டுவந்துவிட்டார்.

நான் பஞ்சாயத்துக்குப் போனேன். போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கொடுத்ததை மனதாலும் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அது காணிக்கை ஆகாது என்று ஒரு குட்டிப் பிரசங்கம் பண்ணினேன். அக்கா முட்டையை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆண்டவருக்குக் குடுத்தாச்சுன்னு எனக்குத் தெரியுது தம்பி. கோழிக்கு யாரு சொல்றது?"

வேலியோர மரம்

மாசிலாமணி அண்ணனுக்குப் பத்துப் பலாமரம். தசமபாகத்தைப் பற்றி நான் பேசிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடியுமுன்பே எழுந்து நின்று, பத்தில் ஒரு மரத்தை ஆண்டவருக்கு விட்டுவிட்டதாகச் சபை நடுவில் அறிவித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே போய்ப் பார்த்தேன். அடிமரத்தில் சுண்ணாம்பால் சிலுவை போட்டிருந்தார். தோட்டத்திலேயே குட்டையான மரம் அதுதான். வேலியை ஒட்டி, மற்ற மரங்களின் நிழலில் நின்றது. வருஷத்துக்கு நாலு காய் காய்த்தால் அதிகம்.

ஆபேல் தன் மந்தையில் கொழுத்த ஆட்டையே ஆண்டவருக்குக் கொடுத்த பைபிள் கதையை நான் ஜாடையாக எடுத்துவிட்டேன். அண்ணன் அசரவில்லை. மரத்தைத் தட்டிக்கொடுத்தபடி விளக்கம் சொன்னார்: "மத்த மரத்த நாம பாத்துக்கலாம் உபதேசியாரே. இது ரோட்டோரம் நிக்கிது, காயி களவு போகுது. அவரு மரம்னா அவருதான காவலு பாக்கணும்."

புயலுக்கு மறுநாள்

அப்புறம் அந்தப் புயல் வந்தது. எங்கள் பக்கம் தென்னை, பலா, மா எதையும் விடவில்லை. விடிந்ததும் அண்ணன் தோட்டத்துக்கு ஓடினேன். ஒன்பது மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. குட்டை மரம் மட்டும் காற்றுக்குத் தலைகொடுக்காமல் சிலுவையோடு நின்றது. அண்ணன் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, ஆண்டவர் ஒன்றையாவது மீதி வைத்தாரே என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கிருபை அக்கா ஒடிந்த கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "அவரு மரத்த அவரு வச்சுக்கிட்டாரு தம்பி. எங்க மரந்தான விழுந்து கெடக்கு."

வெள்ளிக்கிழமைச் சம்பளம்

மரம் போன வருஷமே மகன் ஜெபராஜ் பாஸ்போர்ட் எடுத்துக் குவைத்துக்குப் போனான். அவன் தங்கச்சி புதுக்கோட்டை ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதுதான் அந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே கவலை.

ஒரு நாள் ஜெபராஜ் எனக்குப் போன் பண்ணி, ஓவர்டைம் பணத்துக்கும் தசமபாகம் உண்டா என்று கேட்டான். பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்று, புதிய ஏற்பாட்டில் மனசு நிறைந்து கொடுப்பது என்று ஆரம்பித்து, எந்த வருமானமானாலும் ஒரு பங்கு அவருக்குத்தான் என்று முடித்தேன். பொறுமையாகக் கேட்டவன் கடைசியில் சொன்னான்: "ஓவர்டைம் எல்லாம் லீவு நாளு வெள்ளிக்கிழமதான்யா. இங்க ஆராதனையும் வெள்ளிக்கிழமதான். கோயிலுக்குப் போகாம சம்பாதிச்சதுல பங்கு குடுத்தா, அவரு வாங்குவாரா?" லைன் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

வியாபாரிக்குச் சொன்ன பதில்

சுற்றி நிழல் போனதும் குட்டை மரத்துக்கு வெயில் கிடைத்தது. அடுத்தடுத்த வருஷம் அடியிலிருந்து நுனி வரை காய்த்துத் தள்ளியது. ஊரில் பலா இல்லாத காலம், ஒற்றைக் காய்க்கும் நல்ல விலை. பொன்னமராவதியிலிருந்து ஒரு வியாபாரி தேடி வந்து கேட்டார். அண்ணன், அது என் மரம் இல்லை, உபதேசியாரைப் போய்க் கேளுங்கள் என்று என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். காய் முழுவதையும் வண்டியில் ஏற்றிக் கோயிலில் இறக்கினார். ஜெபராஜ் அனுப்பும் பணம் விசாக் கடனுக்கே போக, மகளின் ஹாஸ்டலுக்குக் கட்ட வழியில்லாமல் கிருபை அக்கா கம்மலை அடகு வைத்தது சபைக்கே தெரியும். அன்றைக்கு அந்தக் காய்களை ஏலம் கூறும்போது அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

ஆயரிடம் போய்ச் சொன்னேன். இருப்பது ஒரு மரம் என்றால் அதில் பத்தில் ஒரு காய் கொடுத்தால் போதும், மீதியை வீட்டுக்கு எடுக்கலாம் என்றார். அந்தச் சந்தோஷத்தோடு சைக்கிளை மிதித்தேன். அண்ணன் ஒப்புக்கொள்ளவே இல்லை. "நல்ல மரமெல்லாம் நான் எடுத்துக்கிட்டு நோஞ்ச மரத்த அவருக்கு விட்டப்ப, அவரு ஒண்ணும் கேக்கல. இப்ப அவரு மரம் மட்டும் நிக்கிதுன்னதும் நான் போயி பங்கு கேட்டா, அது என்னா நியாயம்?"

ஒருதரம், ரெண்டுதரம்

அடுத்த மாசியில், மரம் பிஞ்சு விட்டிருந்தபோது, கமிட்டியில் ஒரு யோசனை சொன்னேன். காய்களைத் தனித்தனியாக விற்க வேண்டாம், ஒரு வருஷ மகசூலை மரத்தோடு குத்தகைக்கு ஏலம் விடலாம். எல்லாத் தோப்பிலும் உள்ள வழக்கம்தான். ஒருவரும் மறுக்கவில்லை. பண்டிகையன்று ஏலத்தை ஆரம்பித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து கிருபை அக்கா எழுந்து நூற்றியொரு ரூபாய் என்றார். யாராவது விளையாட்டுக்கு ஏற்றிக் கேட்டாலும் போச்சு. சுரைக்காய்க்குச் சண்டை போடுகிற அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருமினவரைக்கூட ஒருவர் தொடையில் தட்டி அடக்கினார்.

ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். அண்ணன் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார். ஆண்டவருக்குக் கொடுத்ததை நம் வீட்டுக்குள் திருப்பிக் கொண்டுவருவதா என்று கேட்டார். கிருபை அக்கா முந்தானை முடிச்சிலிருந்த ரூபாயை எடுத்து எல்லாருக்கும் முன்னால் காணிக்கைத் தட்டில் வைத்தார். பிறகு நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார். "நீங்க குடுத்தது குடுத்ததுதான், அத யாரு தொட்டா? நான் அவருக்கிட்ட குத்தகைக்கு எடுத்துருக்கேன். அவரு சரின்னுட்டாரு. நீங்க காயி வெட்ட கூலிக்கு வாரீங்களா?"

இவ்வளவு மலிவாக ஏலம் விட்டதற்கு அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒருவரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை என்பதால், ஏலம் கூறுவதில் எப்படியோ, உபதேசியார் வேலையில் தேறிவிட்டேன் என்று வைத்துக்கொள்கிறேன்.